கிளக்ஸ்டனின் அந்தச் சின்ன உதை

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையல் கிடையாது. நேற்று ராத்திரி அயர்லாந்துக்காரர்களின் கேலிக் (Gaelic) கால்பந்து ஆட்டம் ஒன்று பார்த்தேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கிக்-அவுட், அதாவது கோல்கீப்பர் பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவது, அந்த விதியைத்தான் சொல்கிறேன். 2025-இலிருந்து கோல்கீப்பர் உதைக்கிற பந்து, கோலிலிருந்து 40 மீட்டரில் போட்டிருக்கும் வளைவுக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். பக்கத்தில் தனியாக நிற்கிற தன் ஆளுக்குச் சும்மா தட்டிவிட முடியாது. தூரத்திலிருந்து கம்பத்துக்கு மேலே அடித்தால் 1-க்குப் பதில் 2 புள்ளி என்ற விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் இது? டப்ளின் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் இருபது வருஷம் செதுக்கிய வித்தையில் பாதி போய்விட்டதே!

அவர் 2001-இல் டப்ளின் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அணிக்கு வந்தார். அதுவரை கிக்-அவுட் என்றால் பந்தை மேலே தூக்கி அடிப்பது, நடுவில் எல்லாரும் எகிறிப் பிடிப்பது. இவர் அதை பாஸ் ஆக்கினார். ஓடுகிறவன் எங்கே போய்ச் சேருவானோ, அங்கே பந்து முன்னாலேயே காத்திருக்கும்.

இது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க நேற்றுக் காலை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவுக்குப் போனேன். வேலியில் என் நீலச் சட்டையைக் கட்டினேன். நாற்பது அடி வைத்து எண்ணிப் பின்னால் வந்து உதைத்தேன். முதல் பத்தும் சட்டைப் பக்கமே போகவில்லை. புல் ஈரம், காற்று இடது பக்கமாக இழுத்தது. அப்புறம் பந்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றாவது உதை நேராகச் சட்டையின் நெஞ்சில் பட்டது! நான் போட்ட கத்தலில் நாய் கூட்டி வந்த பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அசையாத சட்டைக்கே இந்தப் பாடு. அவர் 82,300 பேர் உட்காரும் குரோக் பார்க் மைதானத்தில், ஓடுகிற ஆளுக்கு அனுப்பினார்.

2011 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்கு வருவோம். எதிரே கெர்ரி கவுண்டி. ஆட்டம் சமன், நேரம் முடிந்து கூடுதல் நிமிடம் ஓடுகிறது, டப்ளினுக்கு ஃப்ரீ கிக். கிளக்ஸ்டன் தன் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுக்க நடந்து வந்தார், இடது காலால் அடித்தார், கம்பத்துக்கு மேலே! 1-12, 1-11 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி; ஒரு கோலுக்கு 3 புள்ளி). 1995-க்கு அப்புறம் டப்ளினுக்குக் கோப்பை. ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கெர்ரி 4 புள்ளி முன்னிலையில் இருந்தது. மாற்று ஆளாக வந்த கெவின் மெக்மனமன் கோல் போட்டதால்தான் ஆட்டமே உயிர் பெற்றது.

2013-இலும், 2015 முதல் 2020 வரை ஒவ்வொரு வருஷமும், கேப்டனாக அந்த அகில அயர்லாந்துக் கோப்பையை, சாம் மக்வயர் கோப்பையைத் தூக்கினார். ஏழு முறை! இதற்குச் சம்பளம் கிடையாது, தெரியுமா? இந்த விளையாட்டில் யாருக்குமே கிடையாது. அவர் பள்ளி ஆசிரியர். பேட்டி கொடுப்பதும் அபூர்வம். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2021, 2022 இரண்டு சீசனும் ஆடவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தோம். 2023 மார்ச்சில், 41 வயதில், ஒரு லீக் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்! அந்த ஜூலையில் மறுபடியும் கெர்ரியை 1-15, 1-13 என்று ஜெயித்து, சக ஆட்டக்காரர்கள் ஜேம்ஸ் மெக்கார்த்தி, மைக்கேல் ஃபிட்ஸ்சிமன்ஸ் இருவரோடும் சேர்ந்து ஒன்பதாவது அகில அயர்லாந்துப் பதக்கம். அதுவரை எந்த ஆண் கேலிக் கால்பந்து வீரருக்கும் ஒன்பது கிடைத்ததில்லை.

சரி, ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது. புது விதிகளைக் கொண்டுவந்த குழுவின் தலைவர் ஜிம் கேவின். கிளக்ஸ்டனைக் கேப்டனாக வைத்து 2013-இலிருந்து 2019-க்குள் ஆறு கோப்பை ஜெயித்த அதே டப்ளின் மேனேஜர்! அந்த உதையின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சனிக்கிழமை மறுபடியும் பூங்காவுக்குப் போகிறேன். இந்த முறை சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட என் தம்பி வருகிறான்.