காயலாங்கடைச் சரக்காம்! வந்ததே கோபம்

வணக்கம் மக்களே. சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் நியூ ஆவடி ரோட்டில் இருக்கும் ரயில் மியூசியத்தில் நிற்கிறேன். வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கும் பழைய நீராவி எஞ்சினைக் காட்டி ஒரு அண்ணன் தன் பையனிடம், "இதெல்லாம் காயலாங்கடைச் சரக்குடா" என்கிறார். அதுவும் பெரம்பூர் பக்கத்தில் நின்றுகொண்டு!

இருங்கள், முதலில் குடையைப் பாருங்கள். வரும் வழியில் பிளாட்பாரத்தில் வாங்கினேன். அக்கா 350 என்றார். நான் 200 என்றேன். முறைத்தார். நாலு எட்டு நடந்தேன். "தம்பி, 250 குடுத்துட்டுப் போ." திரும்பிப் பார்க்கவே இல்லையே நான்! கடைசியில் 220. பட்டனைத் தட்டினால் விரிகிறது. மடக்கத்தான் ரெண்டு கையும் போதவில்லை. நீலம் கேட்டேன், பூப்போட்டதுதான் இருந்தது. போகட்டும், 130 ரூபாய் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈ.ஐ.ஆர். 21 என்று ஒரு நீராவி எஞ்சின், அந்தக் காலத்து ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயுடையது. 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் செய்தது. ஓடி ஓய்ந்து, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருடத்துக்கு மேல் சும்மா காட்சிக்கு நின்றது. அதை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்ற எஞ்சின் பட்டறைக்குக் கொண்டுவந்து சரிசெய்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை புகை விட்டுக்கொண்டு ஓடியது. அந்த அண்ணனிடம் இதைச் சொல்வதற்குள் டாய் ட்ரெயின் பக்கம் போய்விட்டார். எனக்கு டாய் ட்ரெயின் ஆகவே ஆகாது, பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆங், சொல்ல மறந்தேன். ராயபுரம் ஸ்டேஷன் திறந்ததே 1856-இல்தான். அதற்கும் ஒரு வயது மூத்தது அந்த ஈ.ஐ.ஆர். 21!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரிலானாலும், காட்சிக்கு நிற்கும் எஞ்சினின் பிஸ்டன் தண்டில் பெயின்ட் அடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது உள்ளே வெளியே வழுக்கிப் போய்வர வேண்டிய இடம். எண்ணெய் பூச வேண்டும், பெயின்ட் எதற்கு?

போன வீடியோவில் மரக்கடை வைத்திருக்கும் ஒருவர், மரம் அறுக்கும் மில்லிலும் நீராவி எஞ்சின் இருந்ததா என்று கேட்டிருந்தார். இருந்ததே! அது தண்டவாளத்தில் ஓடாது, ஒரே இடத்தில் நிற்கும். ஆள் உயரச் சக்கரம் ஒன்று சுற்றும். அதிலிருந்து போகும் பெல்ட்தான் ரம்பத்தை ஓட்டும். அடுப்புக்கு என்ன போடுவார்கள் தெரியுமா? அறுத்த மரத்தின் தூளும் கழிவுக் கட்டையும்தான். கரி வாங்கும் செலவே மிச்சம். ரயில் எஞ்சினைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அப்படி ஒன்று எங்கேயாவது வெளியில் நிற்கிறதென்றால் கமென்ட்டில் போடுங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.