சிக்கிய குழாயை அடித்து விடுவிக்கும் ஹைட்ராலிக் ஜார்

வணக்கம் நேயர்களே.

எண்ணெய்க் கிணறு துளைக்கிற ரிக்கில் வேலை செய்பவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால், கிணறு பீறிட்டு வெடிப்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அடுத்ததாகச் சொல்வது, குழாய் சிக்கிக்கொள்வது. முதலாவது அபூர்வம். இரண்டாவது எந்த ஷிஃப்டில் வேண்டுமானாலும் நடக்கும்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள டிரில் பைப்புகளை ஒன்றோடொன்று திருகி இறக்கியிருக்கிறார்கள். அடியில் காலர் எனப்படும் தடித்த, கனமான குழாய்கள், நுனியில் பாறையை வெட்டும் பிட். குழாய்க்குள் இறங்கி, வெளிப்பக்கமாக மேலேறி வரும் சேற்றுக் கலவையை ரிக்கில் மட் என்பார்கள். அதுதான் வெட்டிய கல்தூளை மேலே கொண்டுவருகிறது. தூள் முழுதாக வெளியேறாமல் குழாயைச் சுற்றி அடைத்துக்கொள்ளலாம். களிப்பாறை ஊறிச் சரியலாம். வளைந்த கிணற்றில் குழாய் உரசி உரசிச் சுவரில் ஒரு பள்ளம் பறித்திருக்கும். மேலே இழுக்கும்போது காலர் அதில் போய் மாட்டும்.

இவற்றையெல்லாம்விட விசித்திரமான இன்னொரு வகை உண்டு. எதுவும் இடிந்திருக்காது, மட் தடையில்லாமல் சுற்றிவரும், ஆனால் குழாய் அசையாது. காரணம் அழுத்த வித்தியாசம். கிணற்றுக்குள் இருக்கும் மட்டின் அழுத்தம், பக்கத்துப் பாறையின் நுண்துளைகளில் இருக்கும் அழுத்தத்தைவிட அதிகம். குழாய் சற்று நேரம் அசையாமல் சுவரில் சாய்ந்தால் போதும், அந்த வித்தியாசமே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ வித்தியாசம், 8 சென்டிமீட்டர் அகலத்தில் 6 மீட்டர் நீளத்துக்குத் தொடுகை என்று கணக்குப் போடுங்கள்: 168 டன். உராய்வு அதில் கால் பங்கு என்றாலும், உருவி எடுக்க 42 டன் வேண்டும். அதுவும் முதல் சில நிமிடங்களின் கணக்குதான். நேரம் போகப்போகச் சுவரில் படியும் சேற்றுப் படலம் தடித்துக்கொண்டே போகும், பிடியும் இறுகும்.

சரி, மேலே இருந்து பலமாக இழுத்துவிட்டால் என்ன? ரிக்கால் இழுக்க முடியும்; குழாயால் தாங்க முடியாது. வளைந்த கிணற்றில் இழுப்பில் ஒரு பகுதி வழியிலேயே உராய்வில் கரைந்தும் போகும். அங்கேதான் ஜார் வருகிறது.

ஜார், குழாய் சிக்கிய பிறகு இறக்கும் கருவி அல்ல. துளைக்கத் தொடங்கும்போதே காலர்களுக்கிடையே அதைப் பொருத்தி இறக்கிவிடுவார்கள். ஒரு உறைக்குள் ஒரு தண்டு. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய அறை. தண்டில் ஒரு பிஸ்டன். மேலே இழுத்தால் எண்ணெய் ஒரு மிகச் சிறிய வழியாகக் கசிந்துதான் பிஸ்டனைத் தாண்ட முடியும். ஆகவே தண்டு மெதுவாக ஊரும். அதற்குள், ரிக்கை இயக்கும் டிரில்லர் வேண்டிய அளவு இழுத்து, பிரேக்கைப் போட்டுவிடுகிறார். 5 அங்குலக் குழாய் மூன்று கிலோமீட்டர் நீளம் என்றால், 40 டன் கூடுதல் இழுப்பில் ஒன்றரை மீட்டருக்கு மேலேயே நீளும். இழுத்துப் பிடித்த உண்டிவில் மாதிரி, விசை முழுவதும் குழாயில்தான் தேங்கி நிற்கிறது. பிஸ்டன் ஊர்ந்து அறையின் அகன்ற பகுதிக்கு வந்ததும் எண்ணெய் சட்டென்று விலகி வழிவிடும். தண்டு பாயும், அதிலுள்ள சுத்தியல் உறையிலுள்ள பட்டடையில் மோதும். இழுத்த விசையைப்போலப் பல மடங்கு அடி, ஒரு கணத்தில். மறுபடி அடிக்க வேண்டுமா? எடையை இறக்கி ஜாரை மூடி, திரும்ப இழுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இதன் அழகு அந்தத் தாமதத்தில்தான். பழைய மெக்கானிக்கல் ஜார் முன்பே நிர்ணயித்த இழுப்பில் விடுபடும். எண்ணெய் ஜாரில் எவ்வளவு பலமாக அடிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் டிரில்லரே தீர்மானிக்கலாம். அடிக்கும் முன் அவர் கண், தொங்கும் எடையைக் காட்டும் வெயிட் இண்டிகேட்டரிலேயே இருக்கும். முள் மெல்லக் கொஞ்சம் இறங்கும். எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம். பிறகு சடாரென்று விழும், தளம் அதிரும். ஆழமான வளைந்த கிணறுகளில் அந்த அதிர்ச்சி மேலே தெரியாமலும் போகும். அப்போது முள்ளை மட்டுமே நம்ப வேண்டும்.

எந்தப் பக்கம் அடிப்பது? இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே இழுக்கும்போது சிக்கியதை இன்னும் மேலே அடித்தால் ஆப்பு இறுகத்தான் செய்யும். கீழே அடிக்க வேண்டும். இறக்கும்போது சிக்கினால் மேலே. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் மட் அழுத்தம் ஜாரை விரிக்கப் பார்க்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடாமல் அடித்தால் எண்ணெய் சூடாகி இளகிவிடும், தாமதம் குறையும். அப்போது ஜாருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், அடிக்கத் தொடங்கும் முன் ரிக் தளத்தில் வேண்டாதவர் யாரும் நிற்கக் கூடாது. அதிர்ச்சியில் டெரிக் எனப்படும் ரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தளர்ந்த போல்ட் ஒன்று விழுந்தாலே உயிர் போகும்.

ஜார் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் கனாவா பள்ளத்தாக்கின் உப்புநீர்க் கிணறுகளில் வேலை செய்த வில்லியம் மோரிஸ் 1841இல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் எண்ணெய் கிடையாது. சங்கிலிக் கண்ணிகள்போல் தளர்வாகக் கோத்த இரண்டு இரும்புத் துண்டுகள், அவ்வளவுதான்.

எல்லாச் சிக்கலையும் ஜார் தீர்த்துவிடாது. ஜாருக்கு மேலேயே குழாய் சிக்கினால் அது செயலற்றது. மணிக்கணக்கில் அடித்தும் அசையாவிட்டால், குழாய் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எதுவரை விடுதலையாக இருக்கிறது எனக் கணிப்பார்கள். சிக்கிய இடத்துக்குச் சற்று மேலுள்ள இணைப்புக்கு இடப்பக்க முறுக்குக் கொடுத்து, சிறு வெடிமருந்தை உள்ளே இறக்கி வெடித்துக் கழற்றுவார்கள். மேலே உள்ளதை வெளியே எடுத்த பின், எஞ்சியதைப் பிடிக்க இன்னொரு ஜாரோடு இறங்கலாம். அல்லது சிமெண்ட் போட்டு மூடிவிட்டுப் பக்கவாட்டில் புதிதாகத் துளைக்கலாம். எது என்பதை ரிக்கின் ஒரு நாள் செலவுதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.