வெட்டுவான் கோயிலை மேல இருந்து கீழ பாருங்க

வணக்கங்க. காத்து இரைச்சல் கொஞ்சம் கேக்கும், பொறுத்துக்கோங்க. மைக்குல பஞ்சு மாட்டியும் அடங்கல. கழுகுமலை மேல நிக்கிறேன். கோவில்பட்டியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர். மணி எட்டுகூட ஆகல, பாறை அதுக்குள்ள சுட ஆரம்பிச்சிருச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி இங்க வந்து ஏமாந்து போனவன் நான். நேரா கோயில் முன்னாடி போய் நின்னேன். அங்க சரியா செதுக்காத பாறை, உள்ள ஒரு பிள்ளையார், அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு இறங்கிட்டேன். இறங்கும்போது ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர், "மேல ஏறிப் பாத்தியளா?"ன்னு கேட்டாரு. "பாத்தேன் தாத்தா"ன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பொய்க்குத்தான் இன்னைக்கு இந்த வீடியோ.

இப்போ பாருங்க. கேமராவைத் திருப்புறேன்... ஆங். சிகரம் நம்ம கண் மட்டத்துல இருக்கு. எந்தக் கோயில்லயாவது சிகரத்தை இப்படி எதுத்தாப்புல நின்னு பாத்திருக்கீங்களா? கழுத்தை ஒடிச்சு அண்ணாந்து பாத்துத்தானே பழக்கம்.

இது கட்டின கோயில் இல்லீங்க. மலைச் சரிவுல சுமார் ஏழரை மீட்டர் ஆழத்துக்கு மூணு பக்கமும் பள்ளம் வெட்டி, நடுவுல ஒரு பெரிய பாறையை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. அந்தப் பாறைதான் கோயில். பாண்டியர் வேலை. கோயிலோட அமைப்பை வெச்சு 8ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் அதே நூற்றாண்டுதான், அதுவும் மேல இருந்து கீழ வெட்டினது. அதனால இதை "தென்னகத்து எல்லோரா"ன்னு எழுதுறாங்க. எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. கைலாசம் மலை மாதிரி நிக்கும், இது கைக்கடக்கமா இருக்கும். அந்த அழகு வேற, இந்த அழகு வேற.

வேலை எப்படி நடந்திருக்கும்னு யோசிங்க. சாரம் தேவையில்லை. இன்னும் வெட்டாத பாறையே ஆள் நிக்கிற தளம். சிகரத்தை முடிச்சுட்டு ஒரு அடி கீழ இறங்கு, சிகரத்துக்குக் கீழ இருக்கிற கழுத்துப் பகுதியை முடி, மறுபடி இறங்கு. ஆனா கீழ்த்தளம் எவ்வளவு அகலம் வேணும்னு முதல் உளி வைக்கும்போதே கணக்கு தெரிஞ்சிருக்கணும். மேல ஒரு சாண் கூடுதலா வெட்டிட்டா அதைத் திரும்ப ஒட்ட முடியாது. கட்டுற கோயில்ல ஒரு கல்லு உடைஞ்சா வேற கல்லு வைக்கலாம். இங்க ஒரு மூக்கு உடைஞ்சா உடைஞ்சதுதான்.

சிகரம் எட்டுப் பட்டை. கீழ மூலைக்கு ஒரு நந்தி, நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கிற மாட்டோட சுகம் அதுங்க முகத்துல. கூரை விளிம்புக்குக் கீழ வரிசையா பூதகணங்கள். ஜூம் பண்றேன்... குண்டு வயிறு, குட்டைக் கை. எல்லாருக்கும் ஒரே முகம் கொடுத்திருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். செதுக்கினவருக்கு மனசு வரல போல.

தெய்வங்களுக்குத் திசை உண்டு. கிழக்கே உமையோட சிவன், மேற்கே திருமால், வடக்கே பிரம்மா. தெற்கே யாரு? பேர்லயே இருக்கு, தட்சிணாமூர்த்தி. நம்ம ஊர்க் கோயில்ல அவர் எப்படி இருப்பாரு? ஆலமரத்தடி, காலுக்குக் கீழ முயலகன், சுத்தி முனிவருங்க, கையில சின்முத்திரை, வாயே திறக்காத வாத்தியார். இங்க பாருங்க.

(கேமரா நகரும் சத்தம்)

மத்தளம் வாசிக்கிறாரு! மிருதங்க தட்சிணாமூர்த்தி. கல்லுன்னு தெரியுது, ஆனா அந்தக் கை அடுத்த தட்டுக்குத் தயாரா இருக்கிற மாதிரியே இருக்கு. தாளம் போடறவங்க யாராவது பாக்குறீங்கன்னா கமெண்ட்ல சொல்லுங்க, அந்தக் கை வாகு சரியா? எனக்கு அதுல ஞானம் கிடையாது. பத்து நிமிசமா இவர் எதுத்தாப்புலயே உக்காந்திருக்கேன், அது மட்டும்தான் தெரியும்.

சரி, இந்தக் கோயிலைப் பத்திச் சொல்ற அப்பா-மகன் கதைக்கு வர்றேன். கீழ முருகன் கோயிலை அப்பா செதுக்கினாராம், மேல இதை மகன் செதுக்கினானாம். மகனோட உளிச் சத்தம் தன்னுதைவிட நயமா கேட்கவும், பொறாமையில மகனையே வெட்டிட்டாராம். அதான் கோயில் பாதியில நிக்குதுன்னு சொல்வாங்க. நான் இதை நம்பறதில்லை. ஆனா இந்தக் கதையைக் கட்டினவர் ஒரு விசயத்தைச் சரியாப் பிடிச்சிருக்காரு. இந்தப் பள்ளத்துல ஒரு சின்னக் கல்லைப் போட்டாலும் சத்தம் மூணு சுவர்லயும் பட்டுத் திரும்புது. அன்னைக்கு உளிச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

இதே மலையில அந்தப் பக்கம் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையா இருக்காங்க. அதுக்குக் கீழ வட்டெழுத்துல, அதாவது பழைய தமிழ் எழுத்துல, செய்வித்தவங்க பேரு. அது தனி வீடியோ, இதுல திணிச்சா ரெண்டுமே கெடும்.

இப்போ கீழ இறங்கிட்டேன். போன தடவை ஏமாந்த அதே இடம். மேல அவ்வளவு நுணுக்கம், இறங்க இறங்க வேலை குறையுது. இந்தச் சுவர்ல பாருங்க, உருவம் எதுவும் இல்ல. மேல இருந்து வந்தவங்க இங்க நிறுத்திட்டாங்க. கிட்ட கொண்டு போறேன்... சாய்வா, பக்கத்துல பக்கத்துல, விரல் அகலம்கூட இல்லாத வரிகள். உளி தடம். பக்கவாட்டுல வெயில் விழுறப்பதான் தெரியும், ஒன்பது மணிக்கு மேல வந்தா மறைஞ்சுடும். தொடாதீங்க, நானும் தொடல. பேட்டரி சிவப்பு காட்டுது, தட்சிணாமூர்த்தியை இன்னொரு தடவை எடுத்துட்டு இறங்குறேன்.