மோரேயின் இரண்டாம் நம்பர் கேட்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை பர்மா பஜார் பக்கம் போனவர்கள் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த அத்தோவை இங்கே கொண்டுவந்தவர்களின் சொந்தக்காரர்கள் சிலர், நாட்டின் இன்னொரு கோடியில், மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் இருந்தார்கள். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. பர்மாத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். இங்கே காலூன்ற முடியாமல், திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பியவர்களை எல்லையில் பர்மியப் படை மறித்தது. மறித்த இடத்திலேயே குடிசை போட்டு, கடையும் போட்டார்கள். அங்கே ஓர் அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கமும் இருக்கிறது.

இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை சமவெளி, அதற்குப் பிறகு தெங்னௌபால் மலை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். மண் சரியாத நாளில் சோதனைச் சாவடியில் நிற்கும்.

1994-இல் இந்தியாவும் மியான்மரும் எல்லை வணிக ஒப்பந்தம் போட்டன. வணிகத்துக்கு அனுமதித்தவை முதலில் 22 பொருள்கள், பிறகு 40, பிறகு 62. பட்டியல் என்னவோ நீண்டது. ஆனால் நான் அங்கே போயிருந்தபோது பார்த்த வியாபாரம் எந்தப் பட்டியலிலும் அடங்காது. மோரேயின் எல்லை வாசலான இரண்டாம் நம்பர் கேட் வழியே, காலையில் மியான்மர் பக்கமுள்ள நம்ஃபலோங் சந்தைக்குப் போவார்கள். போர்வை, குடை, செருப்பு, டார்ச் லைட் என்று மூட்டை கட்டி, கேட் மூடுமுன் திரும்புவார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த ஊருக்கு அடுப்பெரிந்தது அந்தத் தலைச்சுமையில்தான்.

நாமோ பெரிய சாலையைப் பற்றியே பேசுகிறோம். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சாட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர், இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை. அதில் மியான்மருக்குள் இருக்கும் தாமு–கலேவா–கலேமியோ சாலையை 2001-லேயே இந்தியா போட்டுக் கொடுத்தது. ஆனால் தாமு–கலேவா வழியில் 69 பழைய பாலங்கள், பல இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. சாலை இருந்தும் பாரம் ஏற்றிய லாரிக்கு வழியில்லை. பாலத்தை விட்டுவிட்டுச் சாலையைத் திறப்பது எந்த ஊர்க் கணக்கோ!

2019 ஜனவரியில் மோரேயில், சுங்கமும் குடிநுழைவும் ஒரே இடத்தில் பார்க்கும் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியும் திறந்தார்கள். அடுத்த ஆண்டே கொரோனாவால் கேட் மூடியது. 2021-இல் மியான்மரில் ராணுவக் கவிழ்ப்பு. 2023 மே மாதம் மணிப்பூரே பற்றி எரிந்தது. 2024 பிப்ரவரியில், எல்லையோர மக்கள் விசா இல்லாமல் வந்துபோகும் ஏற்பாட்டையும் முடித்துக்கொள்வதாக மத்திய அரசு அறிவித்தது. பாதுகாப்புக் கவலையைத் தள்ளிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். நாளை நெடுஞ்சாலை முழுதாக வந்து, இம்பாலில் ஏற்றிய சரக்கு நேரே மியான்மரின் மாண்டலே நகரில் இறங்கினால், மோரேக்கு என்ன மிஞ்சும்? லாரி டிரைவர் குடிக்கும் டீ.

ஜிரிபாம்–இம்பால் ரயில் பாதைக்காக நோனேயில் 141 மீட்டர் உயரத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் திறமையில் கொஞ்சம் மோரேக்கும் வரட்டும். சிறு வியாபாரி மூட்டையை இறக்கிவைக்க ஒரு கிடங்கு வேண்டும். மியான்மர் காசை மாற்ற ஒரு வங்கி ஜன்னல் வேண்டும்; 2015 டிசம்பரில் பண்டமாற்றை நிறுத்திய பிறகு இது இன்னும் அவசியம். அடையாள அட்டை பார்த்து, வாரத்தில் இரண்டு நாளாவது, இரண்டாம் நம்பர் கேட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பெண்கள் கேட்பதும் அந்தக் கேட்டைத்தான். நெடுஞ்சாலை எப்போது முடியும் என்று அவர்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

வணக்கம்.