21 இழை

நடுவர் அவர்களுக்கும் காரைக்குடி மக்களுக்கும் வணக்கம். சர்வாதிகார அரசு மதத்தைப் பிடிக்குள் வைத்தால் பக்தி பட்டுப்போகுமா, பிழைக்குமா? பிழைக்கும் என்று சொல்ல வந்தேன்.

எதிரணித் தம்பி ஒரு குத்து விட்டார். "ரங்கூன்ல ராணுவம் வந்ததும் உங்க ஊர்க்காரங்க கடையையும் விட்டாங்க, கும்பிட்ட முருகனோட வேலாயுதத்தையும் விட்டுட்டுக் கப்பல் ஏறினாங்க. இவங்களா பக்தி பேசுறது?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, முதலில் இதற்குப் பதில்.

1962-இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த வருஷம் திருக்கார்த்திகை கழிந்து கப்பலேறியவர் எங்கள் அப்பத்தா.

துறைமுகத்தில் சோதனை. காதுத் தோடு போனது. கழுத்தில் கிடந்ததும் போனது. கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே வெள்ளை நூல்.

பிள்ளையார் நோன்பன்று வீட்டு முற்றத்து வளவில் பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். "அப்பத்தா, அவன் என்ன கேட்டான்?"

"என்னான்னு கேட்டான்."

"நீங்க?"

"நூலுன்னேன்."

"அப்புறம்?"

"தரையில போட்டுட்டான். குனிஞ்சு பொறுக்கினேன். எண்ணிப் பார்த்தேன். 9."

"ஒண்ணுகூடக் குறையலையா?"

"ஒண்ணுகூட."

அது என்ன நூல் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டுமா? கார்த்திகையிலிருந்து கோடி வேட்டியில் நாளுக்கு ஓர் இழை. 21 இழையையும் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த நூல். மீதி 12 இழை, எங்கள் தாத்தா, ஐயா, இடுப்பில் கட்டி வந்த கோடி வேட்டியில் எடுத்தது. கொஞ்சம் கப்பலில், கொஞ்சம் இங்கே வந்து.

வேலாயுதத்தை விட்டு வந்தோம், உண்மைதான் தம்பி. நோன்பை விட்டு வரவில்லை.

அதே பர்மாவில் 1980-இல் பிக்குகள் எல்லாரையும் அரசு ஒரே குழுவின் கீழ் கொண்டுவந்தது. அடங்கினார்களா? 2007-இல் பக்கோக்கு ஊரில் ஊர்வலம் போன பிக்குகளை ராணுவம் அடித்தது. ராணுவக் குடும்பங்களின் பிச்சை வேண்டாம் என்று பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். பிச்சை போட்டுப் புண்ணியம் தேட முடியாதபடி ஆட்சியாளரை நிறுத்தினார்கள். அதே வருஷம்தான் சீனா, திபெத்திய லாமா மறுபிறவி எடுக்கவும் அரசு அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1995-இல் பஞ்சன் லாமா, அதாவது தலாய் லாமாவுக்கு அடுத்த நிலைத் திபெத்திய குரு என்று தலாய் லாமா அறிவித்த 6 வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனவர்கள், இன்றுவரை வெளியே காட்டவில்லை. ஒரு பிள்ளைக்கு அஞ்சுகிற அரசிடமா பக்தி தோற்கும்?

இன்னும் சொல்ல நிறைய வைத்திருந்தேன். நடுவர் மணியைப் பார்க்கிறார்.

அப்பத்தா இப்போது இல்லை. அவர் இறந்த வருஷம் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள நான் கை நீட்டியபோது, சுடர் தெரியவில்லை. அந்தத் துறைமுகத் தரைதான் தெரிந்தது. நகை போன கழுத்தோடு ஒரு பெண் குனிந்து, ஒவ்வொன்றாக, ஒன்பது வரை எண்ணிக்கொண்டிருந்தார்.