ஆள் எங்கேர்ந்து வந்தாங்க? (போட்டி அணிக்காகப் பேசினது)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிர்லயும் கோட்டு மேல கோட்டு போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம். முதல்ல தலைப்ப ஒரு தடவ சொல்லிடுறேன், ஏன்னா எதிரணித் தலைவர் பேசின பத்து நிமிஷத்துல அது எங்கயோ காணாம போயிடுச்சு. 'அறுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியை உயர்த்தியது பிபிசியின் பொறுப்பா, ஐடிவியின் போட்டியா?' பிபிசி ஜனங்க கட்டுற லைசென்ஸ் பணத்துல ஓடுறது, ஐடிவி விளம்பரக் காசுல ஓடுற தனியார் கம்பெனிங்களோட கூட்டு. நான் போட்டி பக்கம்.

அண்ணன் ஒரு லிஸ்ட் வாசிச்சாரு பாருங்க, கல்யாண சீர்வரிசை மாதிரி. போலீஸ் தொடர் இஸட் கார்ஸ் பிபிசி, காயலாங்கடைக் காமெடி ஸ்டெப்டோ அண்ட் சன் பிபிசி, அந்த நையாண்டி நிகழ்ச்சி தட் வாஸ் த வீக் தட் வாஸ் பிபிசி, விஞ்ஞானக் கற்பனைத் தொடர் டாக்டர் ஹூ பிபிசி. எல்லாம் உண்மைதான், ஒண்ணுல கூட பொய் இல்ல. ஆனா தேதிய மட்டும் நைசா விட்டுட்டாரு. நான் சொல்றேன், 1962, 1962, 1962, 1963. பிபிசி டிவி தொடங்கினது 1936-ல சார்! நடுவுல போர் வந்து கிட்டத்தட்ட ஏழு வருஷம் மூடிட்டாங்க, சரி, அத கணக்குல எடுக்க வேணாம். 46-லேர்ந்து 55 வரைக்கும் தனிக்காட்டு ராஜா, கேக்க ஆளில்ல. 53-ல ராணி முடிசூட்டு விழாவ காட்டினாங்க, குவாட்டர்மாஸ்னு ஒரு நல்ல தொடர் பண்ணாங்க, அதெல்லாம் நான் இல்லேங்கல, ஆனா அண்ணன் பெருமையா வாசிச்ச சாமான் ஒண்ணாவது அந்த ஒன்பது வருஷத்துல வந்துச்சா? ஏன் எல்லாம் கொத்தா 62, 63-ல வந்து விழுது?

ஏன்னா 1955 செப்டம்பர் 22-ஆம் தேதி எதிர்ல கடை திறந்துட்டாங்க.

ஒரு சின்ன விஷயம் கேளுங்க. அதுவரைக்கும் பிபிசி டிவியில நியூஸ் வாசிக்கிறவர் முகத்தையே காட்ட மாட்டாங்க, முகம் தெரிஞ்சா செய்தியோட கண்ணியம் போயிடுமாம். டிவியில ஆள் தெரியக் கூடாதுன்னா அதுக்கு ரேடியோவே போதுமே! 55 செப்டம்பர் 4-ஆம் தேதி திடீர்னு முகத்த காட்டினாங்க. ஐடிவி கடை திறக்க அப்ப சரியா 18 நாள் இருக்கு. ஞானம் அந்த வாரத்துல தானா வந்துச்சாம், நம்புவோம். (கைதட்டல எனக்கு குறிச்சு வைங்க நடுவரே.)

அப்புறம் என்ன ஆச்சு, 1957-ல ரெண்டு சேனலும் தெரியுற வீடுங்கள்ல ஐடிவிக்கு நூத்துக்கு 72, பிபிசிக்கு 28. நாலு பவுன் லைசென்ஸ் கட்டின ஜனமே வேற ஸ்டேஷனுக்கு ஓடிருச்சு. அந்த அடி விழுந்த பிறகுதான், 1960-ல ஹ்யூ கிரீன் பிபிசி தலைமைக்கு வந்தாரு, ஜன்னலத் திறந்தாரு, காத்து வந்துச்சு. கிரீன் பெரிய ஆளு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வீடு நிறைய ஆள் இருந்திருந்தா அவர ஜன்னலத் திறக்க விட்டிருப்பாங்களா? இது என் யூகம், எதிரணி மறுக்கலாம்.

இப்ப எனக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா கதைக்கு வர்றேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசுல மான்செஸ்டர் பக்கத்து ஸால்ஃபோர்ட்ல ஒரு வயசான அம்மா வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தேன். அவங்க சின்ன வயசுல வீட்ல டிவி வாடகை டிவிதானாம், பின்னாடி ஒரு பொட்டி இருக்கும், ஷில்லிங் காசு போட்டா ஓடும், காசு தீந்தா நின்னுடும், மாசத்துக்கு ஒருக்கா ஒருத்தர் வந்து பொட்டிய திறந்து எண்ணிட்டு மிச்சத்த கையில குடுத்துட்டுப் போவாரு. ஒரு நாள் கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடர் ஓடிட்டு இருக்கு, ஈனா ஷார்ப்பிள்ஸ், தலையில வலை கட்டின அந்தக் கிழவி, யாரையோ நல்லா வாங்கு வாங்குனு வாங்கிட்டு இருக்கா, பாதியில டப்புனு இருட்டு, நடுவுல ஒரு வெள்ளப் புள்ளி மட்டும் சுருங்கி சுருங்கி போகுது, வீட்ல ஷில்லிங் இல்ல. அவங்க அம்மா செருப்பு கூட போடாம பக்கத்து வீட்டுக்கு ஓடினாங்களாம். காசு கேக்க இல்ல. மிச்ச எபிசோட பாக்க. அறுபது வருஷம் கழிச்சு இதச் சொல்லும்போதும் அந்த அம்மா கையால தொடையில தட்டித் தட்டி சிரிச்சாங்க.

அந்த தொடர் யாரோடது? மான்செஸ்டர் கிரனாடா கம்பெனி, ஐடிவி. 1960 டிசம்பர் 9, முதல் எபிசோட் லைவ். எழுதினது டோனி வாரன்னு ஒரு பையன், 24 வயசு. இதே மாதிரி ஒரு தெருக் கதைய அதுக்கு முன்னாடியே பிபிசிக்கு அனுப்பினாருன்னும் பதிலே வரலைன்னும் சொல்லுவாங்க. முதல்ல ஃப்ளோரிஸல் ஸ்ட்ரீட்னுதான் பேரு வெச்சிருந்தாங்க, டீ கொண்டு வர்ற அம்மா இது என்னப்பா கக்கூஸ் கழுவுற மருந்து பேரு மாதிரி இருக்குன்னு சொன்னதாவும் மாத்திட்டதாவும் ஒரு கதை உண்டு. இது தேறாதுன்னு பத்திரிகையில எழுதினவங்களும் உண்டு. அடுத்த வருஷம் முடியுறதுக்குள்ள நாட்டுலயே அதிகம் பேர் பாக்குற நிகழ்ச்சி அதுதான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவரைக்கும் டிவியில வட இங்கிலாந்து ஆளுங்க பேச்சு எங்க கேட்டுச்சு? காமெடியில கேட்டுச்சு, வேலைக்காரி வேஷத்துல கேட்டுச்சு. வீட்டுக் கதையில, நாயகியா, வாரத்துக்கு ரெண்டு நாள் கேக்க வெச்சது அந்த 'வியாபாரக் கம்பெனி'தான். லிவர்பூல் பக்கத்து ஊர மனசுல வெச்சு எடுத்த இஸட் கார்ஸ் 1962 ஜனவரியில வருது. யார் முன்னாடி, யார் பின்னாடின்னு கணக்கு போட்டுக்கோங்க.

எதிரணித் தம்பி ஒருத்தர் பில்கிங்டன் அறிக்கைய எடுத்து ஆட்டினாரு, 1962 ஜூன்ல அரசாங்கக் குழுவே ஐடிவிய கிழிச்சிருச்சு, பிபிசிக்கு சபாஷ் சொல்லி மூணாவது சேனலையும் அதுக்கே குடுக்கச் சொல்லிருச்சுன்னு. ஆமா சொல்லுச்சு. சர் ஹாரி பில்கிங்டன் கண்ணாடி கம்பெனி முதலாளி, நல்ல கண்ணாடிதான், ஆனா அதுல ஐடிவி மூஞ்சிய மட்டும் காட்டினாரு. அந்த மூணாவது சேனல், பிபிசி 2, 1964 ஏப்ரல் 20-ல திறந்துச்சு, திறப்பு விழா அன்னிக்கே பேட்டர்ஸீ மின் நிலையத்துல தீப்பிடிச்சு மேற்கு லண்டன்ல பெரும்பகுதி கரண்ட் போயிருச்சு. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது புதுசில்ல. அதோட அந்த சேனல் படத்த 625 கோடா அனுப்புச்சு, பழைய பொட்டி 405 கோட்டுக்குப் பண்ணது, அதனால புது செட் வாங்கினாதான் தெரியும். பொறுப்பு பொறுப்புன்னு பேசுறோமே, ஷில்லிங் போட்டு பாத்த என் வீட்டுக்காரம்மா குடும்பத்துக்கு அதுல என்ன இருந்துச்சு?

இப்ப எதிரணியோட பெரிய சீட்டு, டாக்டர் ஹூ. 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்டதுக்கு மறுநாள் சனிக்கிழமை முதல் எபிசோட், அடுத்த வாரம் அதையே திரும்பப் போட்டுட்டுதான் ரெண்டாவதப் போட்டாங்க. இத ஆரம்பிச்சு வெச்சவர் ஸிட்னி நியூமன், கனடாக்காரர். அவர் பிபிசியில வளந்த பிள்ளையா? இல்ல. ஐடிவியில ஏபிசி கம்பெனியில ஆர்ம்சேர் தியேட்டர்னு ஞாயித்துக்கிழமை நாடகம் போட்டுக்கிட்டு இருந்தவரு, அந்த நாடகத்தப் பாத்துட்டு பிபிசி அவர தூக்கிட்டுப் போச்சு. சரி, ப்ரொட்யூசர்? வெரிட்டி லாம்பர்ட், அப்ப 27 வயசு, நியூமன்கிட்ட அதே ஏபிசியில வேலை பாத்தவங்கதான். பூச்சிக்கண்ணு ராட்சசன் எல்லாம் வேணாம்னு நியூமன் சொல்லியும் டாலெக்குங்குற இயந்திர ராட்சசன உள்ள கொண்டு வந்து நாட்டுல பாதிப் புள்ளைங்கள சோபாவுக்குப் பின்னாடி ஒளிய வெச்சது அந்த அம்மாதான். பாத்திரம் பிபிசியோடது, அடுப்பும் பிபிசியோடது, சமையல்காரங்க பக்கத்து வீட்டுக்காரங்க! அந்த தீம் மியூசிக் மட்டும் டீலியா டெர்பிஷைர் பிபிசி ஒலிப் பட்டறையில டேப்ப வெட்டி ஒட்டி பண்ணது, அத விட்டுத் தர்றேன், எடுத்துக்கோங்க. முதல் கதைய டைரக்ட் பண்ண வாரிஸ் ஹுசேன் லக்னோவுல பொறந்தவரு, வயசு 24, அவரும் பிபிசி ஆளுதான், அதையும் தர்றேன், நம்ம பக்கத்து ஆளுன்னு ரெண்டு அணியும் சேந்து கை தட்டலாம்.

இவ்ளோ பெருமைப்படுற சாமான பிபிசி எப்படி வெச்சுக்கிச்சு தெரியுமா, டேப்ப அழிச்சிருச்சு. அறுபதுகள்ல வந்த டாக்டர் ஹூ எபிசோட் தொண்ணூறுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

நையாண்டி நிகழ்ச்சிக்கு வர்றேன், சுருக்கமா முடிக்கிறேன், நடுவர் மணியப் பாக்குறாரு. 1962 நவம்பர்ல ஆரம்பிச்சாங்க, டேவிட் ஃப்ராஸ்ட் வந்து மந்திரிமாருங்கள கிழிகிழின்னு கிழிச்சாரு, அப்படி ஒண்ண ஐடிவி செய்யல, உண்மை, அந்த தைரியத்துக்கு நானும் எழுந்து நிக்கிறேன். ஆனா 63 கடைசியில அடுத்தது தேர்தல் வருஷம்னு சொல்லி நிப்பாட்டினது யாரு? அதே பிபிசி. இன்னொண்ணு, 1958-ல ராச்டேல் இடைத்தேர்தல்ல பிபிசி பிரச்சாரத்துப் பக்கமே போகாம இருந்தப்போ கேமராவ தூக்கிட்டுப் போய் வேட்பாளர்கள டிவியில பேச வெச்சது கிரனாடா. 64 தேர்தல் அன்னிக்கு ஸ்டெப்டோ போட்டா எங்க ஆளுங்க ஓட்டுப் போடப் போக மாட்டாங்கன்னு லேபர் கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் கவலைப்பட்டு சொல்லப் போய் ஹ்யூ கிரீன் அத தள்ளி வெச்சாரு. சிரிப்பா இருக்கு இல்ல? ஒரு காயலாங்கடைக்காரன் கதைய பாத்து ஒரு கட்சித் தலைவரே பயப்படுற அளவுக்கு பிபிசி ஜனத்த திரும்ப புடிச்சிருச்சு. அத எங்கேர்ந்து கத்துக்கிச்சுங்குறதுதான் இன்னிக்கு வழக்கே.

ஐடிவி பக்கம் குத்தமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நிறைய இருக்கு. ராய் தாம்சன், ஸ்காட்டிஷ் டெலிவிஷன் முதலாளி, இது பணம் அச்சடிக்கிற லைசென்ஸ்னு அவர் வாயாலயே சொன்னாரு, அத எதிரணி மூணு தடவ சொல்லிட்டாங்க, நாலாவது தடவயா நானும் சொல்லிட்டேன். நிகழ்ச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு முழுக்க முழுக்க சாமான் விக்கிற விளம்பரக் கூத்து ஒண்ணு நடத்துனாங்க, பில்கிங்டன் திட்டின பிறகு 1963-ல அதுக்கு தடை வந்துச்சு, நல்ல வேளை. பரிசுப் போட்டி, அமெரிக்க கௌபாய் படம், குப்பை உண்டுங்க. ஆனா குப்பையக் கொட்டினவன்கிட்டேர்ந்துதானே பிபிசி ஆள் எடுத்துச்சு?

அதனால அடுத்து பேச வர்ற எதிரணி அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விய மேடையிலயே விட்டுட்டுப் போறேன், அதுக்கு பதில் சொல்லிட்டு மத்தத பேசட்டும். ஸிட்னி நியூமனும் வெரிட்டி லாம்பர்ட்டும் பிபிசிக்கு வர்றதுக்கு முன்னாடி யார்கிட்ட சம்பளம் வாங்குனாங்க அக்கா?