ஓடும் உடைமையே

(திருவொற்றியூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். துறவு என்றதும் கையில் ஒன்றுமில்லாதவன் ஒதுங்கிப்போன கதையாக நினைத்துக்கொள்கிறோம்; ஆனால் நம் மரபு போற்றும் துறவியர் பலர் நிறைய வைத்திருந்தவர்கள். பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் யாக்ஞவல்கியர், சனக மன்னனின் அவையில் வாதம் தொடங்கும் முன்பே, கொம்புகளில் பொன் கட்டிய 1,000 பசுக்களை ஓட்டிப்போகும்படி மாணவனிடம் சொல்லிவிட்டு, ‘நீர்தான் எல்லோரிலும் ஞானியோ?’ என்று கேட்டவரிடம், ஞானியை வணங்குகிறோம், எங்களுக்கு வேண்டியது பசுக்கள் என்று கூசாமல் சொன்னவர். (அந்த ஒளிவுமறைவின்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.) அவரே பின்னாளில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சொத்தைப் பங்கிட முனைந்தபோது, பொருள் நிறைந்த பூமி முழுவதும் எனக்கே கிடைத்தாலும் சாவைக் கடப்பேனா என்று மனைவி மைத்ரேயி கேட்டார். வசதி படைத்தவர் வாழ்வதுபோல் வாழலாம், அவ்வளவுதான் என்றார் யாக்ஞவல்கியர்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான பட்டினத்தாருக்கு அதே பதில் ஓலையில் வந்தது: ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே.’ காசிமேட்டில் வலை பின்னும் கைகளைப் பார்த்தவர்களுக்கு இவ்வரியின் கூர்மை தெரியும். நூல் கோக்கக் காது இல்லாத ஊசியை யாரும் எடுத்து வைக்கமாட்டார்கள். எதற்கும் உதவாத அதுகூட உடன் வராது என்பதே வணிகருக்கு விழுந்த அடி.

ஆனால் விட்டபின்னும் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அரசு துறந்து வந்து பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியாரிடம் மிஞ்சியவை ஒரு திருவோடும், எச்சிற்சோறு தின்று கூடவே திரிந்த ஒரு நாயும்தான். திருவிடைமருதூர்க் கோயில் வாசலில் பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், ‘நானோ ஏதுமற்றவன், மற்றொரு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனைக் கேளும்’ என்று கைகாட்டினாராம். அதைக் கேட்ட பத்திரகிரியார் ஓட்டை வீசியெறிய, அது பட்டு நாய் மாண்டது என்கிறது கதை. நாய்க்காக வருந்தாமல் இக்கதையை என்னால் சொல்ல முடிவதில்லை. எனினும், ‘இயல்பாகும் நோன்பிற்கொன்று இன்மை’ (ஒன்றும் இல்லாதிருப்பதே நோன்புக்கு இயல்பு) என்னும் குறளில் ‘ஒன்று’ என்ற சொல்லின் கனத்தை அந்த ஓடுதான் எனக்குக் காட்டியது.

பட்டினத்தார் இறுதியில் வந்து சேர்ந்தது இந்தத் திருவொற்றியூர்க் கரைக்குத்தான். பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முத்தி என்று தேடி வந்தவர், இங்குள்ள சிறுவர்களோடு மணலில் விளையாடி, தம்மை மூடச் சொன்னாராம். அவர்கள் திறந்து பார்த்தபோது அங்கே இலிங்கம் இருந்தது. பக்கத்தில் ஓடு எதுவும் இல்லை.